மூடிய கதவும் முனியப்பன் பொங்கலும்

1

நம் ஊர்ப் பத்திரிகைகள் மலாய் நாட்டின் இந்த ஈப்போவுக்கு வந்து சேர இப்போதெல்லாம் மூன்று மாதம் ஆகிறது. சீமையில் சண்டை நடப்பதால் எந்தக் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போன வாரம் வந்த கட்டில் ஒரு கட்டுரை இருந்தது. தினமும் விடியலில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து இறைவன் பெயரைச் சொன்னால் நாற்பது நாளில் கோபம் ஒழிந்துபோகும் என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். பெண்களுக்கு இது மிகவும் நல்லதாம். வீட்டில் சண்டை வராதாம்.

எழுதியவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எதற்கு? குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பதினெட்டு வருடமாக உட்காருகிறேன். அரை மணி நேரமல்ல, விடிவதற்குமுன் எழுந்து குளித்துவிட்டு ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் விளக்கு வைக்கிற வேளையில் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை. என் கோபம் ஒழியவில்லை. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கத்துக் கதவு வழியாக வருகிறது என்று மட்டும் இப்போது நன்றாகத் தெரிகிறது. பெரியவர் நாற்பது நாளில் எதைக் கண்டாரோ, எனக்குத் தெரியாது. நான் கண்டதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் வீட்டுப் பெண்களுக்கு என்ன சொல்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

2

என் பெயர் நல்லம்மாள். நாமகிரிப்பேட்டைக்கு வடக்கே, போதமலை தெரிகிற ஒரு காட்டில் பிறந்தவள். காடு என்றால் வனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம். அம்மா செத்துப்போன வருடமே மழையும் போனது. அப்பா நிலத்தை அண்ணன் கையில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். இங்கே ரயில் பாதை வேலை. தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாவது வரை படித்தேன். இந்த எழுத்து அங்கே கற்றதுதான்.

அப்பா காய்ச்சலில் இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் குடியிருப்புக்குப் பால் கொண்டுவருகிற சீக்கியர் ஒருவர் இருந்தார். எட்டு எருமை வைத்திருந்தார். அப்பா படுத்திருந்த இருபது நாளும் கேட்காமலே பால் வைத்துவிட்டுப் போனார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அண்ணன் ஒரு வருடம் கடிதம் போடவில்லை. பிறகு ஊரார் கேட்டால், "வடக்கத்திப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கறோமுங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டதாக எழுதினார். அண்ணன் என்றால் அப்படி ஒரு அண்ணன். பின்னால் நான் அவரைத் திட்டும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் விடிகாலையில் எருமை கறக்கும்போது பாடம் சொல்வார். அவர்கள் பக்கத்தில் காலை வேண்டுதலைப் பாடம் என்றே சொல்கிறார்கள். புத்தகம் கிடையாது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, மடியில் செம்பை இடுக்கி, பால் விழுகிற சத்தத்தோடு சத்தமாக முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாயாலேயே ஓட்டிவிடுவார். நான் கன்றுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் காது சும்மா இருக்குமா? பதினான்கு மாதத்தில் எனக்கும் முழுவதும் வாய்க்கு வந்துவிட்டது. அது தெரிந்த அன்று அவர் கறப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அந்த எருமை அன்று மிச்சப் பாலைக் கொடுக்கவில்லை.

3

வாய்க்கு வருவது வேறு, உட்காருவது வேறு. முதல் இரண்டு வருடம் நான் ரயில் வண்டி மாதிரிதான் சொன்னேன். எப்போது முடியும், எப்போது அடுப்பு பற்றவைக்கலாம் என்றே இருப்பேன்.

சீக்கியர்கள் கும்பிடுகிற குருத்துவாராவில் ஜஸ்வந்த் என்று ஒருத்தி. போலீஸ்காரர் மனைவி, என் வயதுதான். எனக்குப் பஞ்சாபி அரைகுறை, அவளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. இருவரும் சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வோம். ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் சொன்னாள்: "நீ அதைச் சொல்லி முடிக்கிறாய். அது உன்னிடம் எதுவும் சொல்ல நீ இடம் கொடுப்பதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாளே செய்து பார்த்தேன். ஒரு பத்தி சொல்லிவிட்டு நிறுத்துவேன். அதன் பொருளை முந்தின நாள் கணவரிடம் கேட்டு வைத்திருப்பேன். அதை மட்டும் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்ப்பேன். எல்லாப் பத்திகளும் சொல்லி முடித்தபின், அவர்கள் இறைவனை அழைக்கிற பெயர் மட்டும். மூச்சு உள்ளே போகும்போது 'வாகே', வெளியே வரும்போது 'குரு'. முதலில் உதட்டில், பிறகு தொண்டையில், பிறகு சத்தமே இல்லாமல். மூன்றாவது வருடத்தில் ஒருநாள், நான் சொல்லவில்லை, அதுவாகவே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி என்று மட்டும் சொல்லலாம்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் கர்வம் வந்துவிட்டது. நடுவில் எழக்கூடாது, பேசக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன். பால் பொங்கினால் பொங்கட்டும். ஆள் வந்தால் நிற்கட்டும். குருத்துவாராவில் பெண்கள், "தமிழச்சியைப் பாருங்கள், இடி விழுந்தாலும் அசையமாட்டாள்" என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுகிற தூரத்தில்தான் பேசினார்கள். நானும் விழுகிற தூரத்தில்தான் நின்றேன்.

4

கல்யாணமாகி நாலு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. பிறகு கிர்பால் பிறந்தான். சீக்கியப் பிள்ளைக்குத் தலைமுடியில் கத்தியோ கத்தரியோ படக்கூடாது. ஆண்டவன் கொடுத்த உருவம் அப்படியே இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய உறுதி, கல்யாணத்துக்குப்பின் என்னுடையதும்தான். ஆறு வயதில் அவனுக்கு முடி இடுப்பைத் தொட்டது. உச்சியில் முடிந்து, சின்ன மரச்சீப்பைச் செருகி, மேலே ஒரு துணி கட்டி விடுவேன்.

அந்த வயதில் அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். எருமைகளை விட்டுவிட்டு வரமுடியாது என்று கணவர் வரவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் சேலம் வந்து, ராசிபுரம் வழியாக பஸ்ஸில் நாமகிரிப்பேட்டை. அண்ணன் பழனியப்பன் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பங்குனி வெயிலில் காலில் செருப்பில்லாமல் நின்றார். கிர்பாலைத் தூக்கித் தோளில் வைத்தார். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனம்மிணி, இத்தன நீளம் வளந்திருக்குதே! இத்தன வருசமா எப்பிடிப் பத்தரமா வெச்சிருக்கற பாரு."

விலகிய துணியை எட்டி இழுத்து மூடினேன். "ஆமாங்கண்ணா" என்றேன். பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

பத்து நாள் ராஜபோகம்தான். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கை எனக்குக் களியும் கீரையும் கிண்டிப் போட்டார். ராசிபுரத்து நெய்யை வாங்கி வந்து மருமகனுக்குச் சோற்றில் குழி பண்ணி ஊற்றினார். கிர்பால் அண்ணன் பின்னாலேயே திரிந்தான். கிணற்றிலிருந்து தோல்பையில் தண்ணீர் மொண்டு கவலை இறைக்கிற மாடுகள் முன்னும் பின்னும் நடப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். விடியலில் நான் உட்காருவதற்குச் சோளமும் கடலையும் போட்டு வைத்திருந்த உள் அறையை நங்கை பெருக்கிக் கொடுத்தார். "அம்மிணி கண்ணு தொறக்கறவரைக்கும் ஆரும் சத்தம் போடப்படாது" என்று பண்ணையத்து ஆட்களுக்கெல்லாம் உத்தரவு. என்ன மரியாதை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராவது நாள் பொழுது சாயும் நேரம். அண்ணன் வந்து சொன்னார்:

"நாளைக்கு வெடியால நம்ம முனியப்பனுக்குப் பொங்க வெச்சிரலாம் அம்மிணி. நல்ல நேரம் வெள்ளெனவே வருது. நீ உன்ற சாமியக் கும்புட்டுட்டு வந்தாப் போதும்."

"சரிங்கண்ணா" என்றேன். பொங்கல்தானே என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குச் சௌகரியமாக இருந்தது.

5

எங்கள் முனியப்பன் காட்டு மூலையில், வேப்பமரத்தடியில் இருக்கிறார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் குளித்துவிட்டு உள் அறைக்குள் போய்த் தாழ் போட்டேன். அன்று பாடம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடியது. கடைசியில் மூச்சோடு பெயர் மட்டும் நின்ற நேரத்தில் நங்கை கதவைத் தட்டினார்.

"ஏனுங் அம்மிணி, நேரமாவுதுங். வரலீங்களா? ஆரம்பிச்சரலாமுங்களா?"

நான் வாய் திறக்கவில்லை. என் சட்டம். நங்கை கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டார். பிறகு பம்பைச் சத்தம் கேட்டது. அதையும் தாண்டி உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு குரல். "அம்மா!" ஒரே ஒரு தரம். என் பிள்ளையின் குரல்தான். மனம் அலையப் பார்க்கிறது, விடாதே என்று என்னை நானே இழுத்துப் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் போல ஆழமாக அதற்குமுன் நான் உட்கார்ந்ததே இல்லை.

வெளியே வந்தபோது விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் மெதுவாக, மனமெல்லாம் குளிர்ந்துபோய், வரப்பு வழியாக நடந்து போனேன். மூன்று பொங்கல் பானை. அண்ணன் புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கிர்பால். தலை வழவழவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம். நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழை இலையில் வெற்றிலை பாக்கோடு ஆறு வருட முடி சுருண்டு கிடந்தது. அந்த மரச்சீப்பும் காணிக்கை என்று நினைத்து நங்கை அதைக் கழுவி முனியப்பன் காலடியில் வைத்திருந்தார்.

கிர்பால் என்னைப் பார்த்தான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

அண்ணன் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அது பானையில் மோதி உருண்டது. பம்பை நின்றுவிட்டது. மூத்தவன் கையைச் சாமி முன்னால் தங்கை தட்டிவிடுவதை அந்தக் காடு அதற்குமுன் பார்த்திருக்காது.

"ஆரக் கேட்டுக் கத்தி வெச்சீங்க?" என்று கத்தினேன். பத்து நாளில் ஊர்ப் பேச்சு முழுவதும் திரும்பி வந்திருந்தது.

அண்ணனுக்கு ஒன்றுமே புரியவில்லை. "ஆரக் கேக்கோணும் அம்மிணி? தாய்மாமன் நானிருக்கறேன். உனக்கு ஒரு கொழந்த பொறந்தா எம்மடியில வெச்சு முடியெறக்கறேன்னு முனியப்பனுக்கு வேண்டியிருந்தனே. உனக்கு எழுதிப் போட்டனே! அன்னிக்கு உட்ட செருப்பு, ஆறு வருசமா நான் தொடுல."

பக்கத்தில் வேப்பமர வேரின்மேல் ஒரு சோடிப் புதுச் செருப்பு இருந்தது. பொங்கல் முடிந்ததும் போட்டுக்கொள்வதற்காக.

6

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: எழுதினாரா? எழுதினார். கிர்பால் பிறந்த மூன்றாவது மாதம், ஊர் வாத்தியாரைக் கொண்டு எழுதிய கடிதம் வந்தது. பிள்ளை முடியில் கத்தி படாமல் வைத்திரு, என் மடியில் வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அண்ணா, எங்கள் மார்க்கத்தில் முடி எடுக்கமாட்டோம், வேண்டுதலை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று. எழுதவில்லை. ஒரு வருடம் கடிதமே போடாமலிருந்த அண்ணன் திரும்பக் கிடைத்திருக்கிறார், அவரை எதற்கு நோகடிக்கவேண்டும்? மழையைப் பற்றியும் எருமையைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் 'பிள்ளைக்கு முடி நன்றாக வளருகிறது' என்று ஒரு வரி சேர்த்தேன். ஆறு வருடமும் அந்த வரியைத்தான் திருப்பித் திருப்பி எழுதினேன்.

நீண்ட முடியோடு ஒரு பிள்ளை வந்து இறங்கினால் சேலத்துச் சீமையில் யார்தான் என்ன நினைப்பார்கள்? வேண்டுதல் முடி என்றுதான் நினைப்பார்கள். வேறு எதற்கு முடி வளர்ப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்லவேண்டியவள் நான்.

அதனால் அண்ணன் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. பிள்ளையைப் பெற்றவள் கதவுக்குப் பின்னால் உயிரோடு இருக்கிறாள். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எந்த ஊர் நியாயம்? நல்ல நேரம் தப்பிவிடுமாம். பெற்றவளுக்கு நேரம் கிடையாது, முனியப்பனுக்குத்தான் நேரம். பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் பக்கத்தில் நேற்று வந்த வழக்கமா? கல்யாணத்துக்கும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், மொட்டைக்கும் அப்படித்தான்.

அன்றே கிளம்பிவிட்டேன். இலையில் கிடந்த முடியை ஒரு துணியில் முடிந்துகொண்டேன். நாமகிரிப்பேட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு அண்ணன் பின்னாலேயே வந்தார். வெறுங்காலோடுதான் வந்தார். அந்தப் புதுச் செருப்பை அவர் போடவில்லை. பத்தடி தள்ளி நின்று, "சாமி, சாமி" என்று பிள்ளையை மட்டும் கூப்பிட்டார். பஸ் கிளம்பியது. "போயிட்டு வாரேன்" என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டுப் போவதென்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அதோடு விட்டதா? இந்தப் பக்கக் கரையில் இறங்கியதும் துறைமுகக் குமாஸ்தா என் காகிதத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு அடையாளம் என்ற இடத்தில், போகும்போது இதே அலுவலகத்தில் எழுதியிருந்தார்கள்: நீண்ட முடி, உச்சியில் முடிச்சு. குமாஸ்தாவும் தமிழர்தான். காகிதத்தைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார். "இது அந்தப் பையன் இல்லையே. அந்தப் பையன் எங்கே?" என்றார். நான் முந்தானையிலிருந்து துணியை எடுத்து அவர் மேசைமேல் அவிழ்த்துக் காட்டினேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "எடு, எடு, மேசையில் மயிரை வைக்காதே" என்றார். "அப்பன் சீக்கியன், நீ இந்து, பையன் மொட்டை. மதம் என்ற இடத்தில் நான் எதைத்தான் எழுதுவது?" என்று வேறு கேட்டார். எங்களை இரண்டு நாள் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். கணவர் வந்து, இவன் என் மகன்தான் என்று கையெழுத்துப் போட்டபிறகுதான் என் பிள்ளை என் பிள்ளை ஆனான்.

7

கணவர் திட்டவில்லை. கிர்பாலின் தலையைத் தடவினார். தன் தலைப்பாகைத் துணியில் ஒரு முழம் கிழித்து அந்த மொட்டைத் தலையில் கட்டி விட்டார். மறுநாள் விடியலில் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு கறக்கப் போய்விட்டார். முடியை ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி அழுது தீர்த்திருப்பேன்.

திட்டுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். குருத்துவாரா சபையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். இடி விழுந்தாலும் அசையமாட்டாள் என்று சொன்ன அதே வாய்கள், "பிறந்த புத்தி போகுமா? பிள்ளை முடியைக் கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்" என்றன. இதுவும் என் காதில் விழுகிற தூரத்தில்தான். ஜஸ்வந்த் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அதன்பிறகு என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்து கண்ணை மூடினால் பம்பை கேட்கும். மூச்சை இழுத்தால் "அம்மா" என்று கேட்கும். உதடு பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும், மனம் வேப்பமரத்தடியில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். குருத்துவாராவில் மறைநூல் வாசிப்பவரிடம் போய்ச் சொன்னேன். கோபம் மனதுக்குள் புகுகிற ஐந்து திருடர்களில் ஒருவன், அவனை விரட்டு என்றார். விரட்டிப் பார்த்தேன். விரட்ட விரட்ட என் வீட்டையே சுற்றி வந்தான்.

எட்டு மாதம் நான் பாடம் சொல்லவே இல்லை. குருத்துவாராவின் பொதுச் சமையலறையில் பாத்திரம் மட்டும் தேய்த்தேன். சாம்பலும் தேங்காய் நாரும். வாரத்துக்கு ஒருநாள் என்பது தினமும் என்றாகிவிட்டது. யார் வந்து பேசினாலும் கையை நிறுத்தாமல் பதில் சொல்வேன். "இன்னொரு தட்டு" என்று ஒரு குழந்தை கேட்டால் எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தேய்ப்பேன். ஒருநாள் அண்டாவுக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெயர் உள்ளே போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. வெகு நேரமாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்சாரத்தை விட்டு வனத்துக்கு ஓடாதே, வீட்டில் இருந்துகொண்டே ஆண்டவனை நினை என்று சொல்கிற மார்க்கம் இது. நான் வீட்டைவிட்டு ஓடவில்லை. வீட்டுக்குள்ளேயே ஓர் அறைக்குள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அதற்குப் பெயர் ஆழம் என்று நினைத்துக்கொண்டேன். திருடன் வந்திருக்கிறான் என்றால் கண்ணை மூடிக்கொண்டா இருப்பார்கள்? விளக்கை ஏற்றிப் பார்க்கவேண்டும். பார்த்தேன். அண்ணன்மேல் இருந்தது பாதிக் கோபம். மற்றப் பாதி, உண்மையை எழுதாத என் கைமேலும், திறக்காத என் வாய்மேலும்.

மறுபடி உட்காரத் தொடங்கினேன். இப்போது கதவு திறந்தே இருக்கும். யாராவது கூப்பிட்டால் எழுந்துபோவேன், வந்து மறுபடி முதல் வரியிலிருந்து. சில நாள் நாலு தரம் முதல் வரி சொல்ல நேரும். அந்த முதல் வரிதான் எனக்கு இப்போது மிகவும் நன்றாகத் தெரிந்த வரி. கோபம் வந்தால், வா, பக்கத்தில் உட்கார் என்பேன். பெரியவரே, நாற்பது நாள் அல்ல, பத்து வருடம் ஆகிறது. அது இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. சில நாள் அது பேசுவதில் நியாயமும் இருக்கிறது.

இந்தப் பத்திரிகை ராசிபுரம் பக்கம் போகும். வாத்தியார் யாராவது அண்ணனுக்குப் படித்துக் காட்டக்கூடும். அண்ணா, நீங்கள் செய்தது தவறு. அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். நான் எழுதாமல் மறைத்ததும் தவறு. அதையும் மாற்றிச் சொல்லமாட்டேன். வேண்டுதலை உங்கள் வரைக்கும் நீங்கள் தீர்த்துவிட்டீர்கள். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

8

இதை எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்று இன்னொன்று நடந்தது.

கிர்பாலுக்கு இப்போது பதினாறு வயது. முடி திரும்ப வளர்ந்து, தலைப்பாகை கட்டுகிறான். இங்கிலீஷ் பள்ளிக்கூடம். நான் தமிழில் கேட்டால் பாதி நேரம் இங்கிலீஷில் பதில் வரும், சிநேகிதர்களோடு மலாய். பாடத்தை நான் முதல் இரண்டு வருடம் சொன்ன அதே ரயில் வேகத்தில் சொல்கிறான். சில நாள் அதுவும் இல்லை, தூங்கிவிடுகிறான். இதற்கெல்லாம் நான் கோபப்படுகிறேன். அவன் சிரிக்கிறான்.

நேற்று இந்தக் காகிதங்கள் மேசைமேல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டான். சொன்னேன். பத்து வருடத்தில் அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதும்மா. மாமா என்னை இறுக்கிப் புடிச்சிக்கிட்டிருந்தாரு. 'ஆச்சு சாமி, ஆச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டுவிட்டேன். கத்தி தலையில் பட்டபோது நீ ஏன் ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டாய்? இன்னொரு தரம் கத்தியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேனே?

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். எனக்கு மறந்துபோயிருக்கும் என்று அவன் நினைத்திருக்கவே இல்லை.

"நீங்க பாடத்துல உக்காந்திருந்தா ஒரு தரந்தான் கூப்பிடோணும்னு நீங்கதானேம்மா சொல்லியிருந்தீங்க."

சொல்லியிருந்தேன். நாலு வயதில் அவன் காதைப் பிடித்துத் திருகிச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு தரம் கூப்பிடு, வராவிட்டால் அம்மா சாமியோடு இருக்கிறாள் என்று அர்த்தம், மறுபடி கூப்பிடாதே என்று சொல்லியிருந்தேன். பிள்ளை அதை அப்படியே கேட்டிருக்கிறான். கத்தி தலையில் படும்போதும் கேட்டிருக்கிறான்.

இனிமேல் எத்தனை தரம் வேண்டுமானாலும் கூப்பிடு என்று நேற்றே அவனிடம் சொல்லிவிட்டேன். சரி என்றான். இன்று விடியலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில்தான் இருந்தான். அவன் கூப்பிடவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அம்மாவைக் கூப்பிட என்ன இருக்கிறது?